‘என் தெய்வம் நான்தான்’ என்கிறான் தம்பி: நம்ம பெரியவர்கள் சொன்னதும் இதுதானா?

பாலக்கோட்டு அண்ணன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். தம்பி ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஒரு வருடமாக மேல்நாட்டு மந்திர மார்க்கம் என்று எதையோ விழுந்து விழுந்து படிக்கிறான். அவன் சொல்வதை வைத்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கடவுளிடம் சரணடைவது, கடவுளோடு கலப்பது, கரைவது இதெல்லாம் வலக்கை வழியாம். யாரோடும் கலக்காமல், தன்னை விட்டுக்கொடுக்காமல், தன்னையே வளர்த்து வளர்த்துத் தானே தெய்வமாக நிற்பது இடக்கை வழியாம். அவன் இடக்கை வழிக்காரன்.

போன மாதம் எங்கள் வேடியப்பனுக்குப் பொங்கல் வைத்தோம். வேடியப்பன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகல்தான் அது. புங்கமரத்தடியில் இடுப்பு உயரக் கல், அதில் வில் பிடித்த ஒரு ஆள். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தடவி முகமே மழுங்கிவிட்டது, மூக்கு இருந்த இடம் விரலை வைத்தால்தான் தெரியும். அப்பா கல்லைக் கழுவி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துச் சூடம் ஏற்றிவிட்டு, “விழுந்து கும்பிடுடா” என்றார். “நான் யாருக்கும் குனிய மாட்டேன்ப்பா. என் தெய்வம் நான்தான்” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, நிதானமாகச் சொன்னான். அப்பா ஒன்றும் பேசாமல் சூடத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்குப் பொங்கலை அவர் தொடவில்லை.

ராத்திரி நான் கேட்டதற்கு, “திருமூலர் சீவனும் சிவனும் வேறில்லை என்றார். உபநிடதம் அகம் பிரம்மாஸ்மி என்கிறது. அவங்க சொன்னா ஞானம், நான் சொன்னா திமிரா?” என்று திருப்பிக் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ரெண்டும் ஒன்றில்லை என்று மனசு அடித்துச் சொல்கிறது, எந்த இடத்தில் வேறு என்று காட்டத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவனைத் திட்ட வேண்டாம், நல்ல பையன்.

கிருஷ்ணகிரி வாசகன்

அண்ணா, முதலில் அந்தப் பெயரைப் பார்த்துவிடலாம். வலக்கை, இடக்கை என்பதே நம் நாட்டுச் சரக்கு. தாந்திரிகத்தில் தட்சிணாசாரம், வாமாசாரம் என்று ரெண்டு வழிபாட்டு முறைகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரம்மஞான சபையைத் தொடங்கிய பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதி எழுதித்தான் அந்தச் சொல் மேற்கே பரவியது, போகும்போதே நல்லது கெட்டது என்ற அர்த்தத்தோடு போனது. அப்புறம் 1966இல் ஆன்டன் லாவே அமெரிக்காவில் சாத்தான் சபை தொடங்கினார். அவருக்குச் சாத்தான் ஒரு சின்னம்தான், மேலே எந்தக் கடவுளும் இல்லை, மனிதனுக்கு மனிதனே தெய்வம். 1975இல் மைக்கேல் அக்வினோ அதிலிருந்து பிரிந்து, செத் என்ற எகிப்தியத் தெய்வத்தின் பெயரில் தனிக் கோயில் அமைப்பு உண்டாக்கினார். ‘நான்’ என்று தன்னை உணர்கிற அறிவு இயற்கையில் தானாக முளைத்ததில்லை, அது ஒரு கொடை, அதை எதிலும் கரைக்காமல் மேலும் மேலும் ஆகிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. உங்கள் தம்பி படிப்பது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகையாக இருக்கும்.

நம் வாமாசாரத்தில் மதுவும் மாமிசமும் வைத்துப் பூசை செய்தவன்கூடக் கடைசியில் போய்ச் சேர நினைத்தது சிவசக்தி ஐக்கியத்தில்தான். தனியாக நிற்பது அவன் குறிக்கோளே இல்லை. ஆக, சொல் இங்கிருந்து போனது, திரும்பி வரும்போது உள்ளே வேறு பொருள் இருக்கிறது. தம்பிக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அரூர் தமிழாசிரியர்

தம்பி மேற்கோள் காட்டிய திருமந்திரப் பாட்டை முழுசாகப் பார்த்துவிடுவோம். ‘சீவன் எனச்சிவன் என்னவே றில்லை’ என்பது முதல் அடி. அடுத்த அடியிலேயே ‘சீவனார் சிவனாரை அறிகிலர்’ என்கிறார். அறிந்தபின்தான் ‘சீவனார் சிவனாயிட்டு இருப்பரே’. முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கையின் வேலை கிடக்கிறது. முதல் அடியோடு புத்தகத்தை மூடிவிட்டால் யாருக்கும் அது தன்னைப் பற்றிய பாராட்டாகத்தான் தெரியும்.

இன்னொன்று, ஆணவம் என்ற சொல். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டால் திமிர், கர்வம் என்பார்கள். சைவ சித்தாந்தத்தில் அதற்கு நேர் எதிரான பொருள் இருக்கிறது. அணு என்பதிலிருந்து வந்தது ஆணவம். எங்கும் நிறைந்து அறியவேண்டிய உயிரை அணு அளவுக்குச் சுருக்கிவைக்கிற மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு அது. செம்பில் களிம்பு போல உயிரோடு கூடவே இருப்பது. அதனால் ‘நான்தான் தெய்வம்’ என்று ஒருவன் சொல்லும்போது, அவன் தன்னை ரொம்பப் பெரிதாக நினைக்கிறான் என்று எனக்குத் தோன்றுவதில்லை. ரொம்பச் சின்னதாக நினைத்துவிட்டான் என்றுதான் தோன்றுகிறது. பெயர், சம்பளம், கோபம், படித்த நாலு விஷயம் இவ்வளவையும் ஒரு மூட்டையாகக் கட்டி அந்த மூட்டைக்குத் தெய்வம் என்று பெயர் வைக்கிறான்.

கலப்பது என்றால் அழிந்துபோவது என்று தம்பி பயப்படுகிறார் போலிருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் சைவ சித்தாந்தத்தில் அப்படி இல்லை. சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தன் திருவருட்பயன் நூலில் ‘தாடலை போல்’ என்று ஒரு உவமை சொல்கிறார். தாள், தலை இரண்டும் சேர்ந்தால் தாடலை. எழுதிப் பாருங்கள், ‘ள்’ளும் காணோம், ‘த’வும் காணோம், நடுவில் ‘ட’ நிற்கிறது. சொல் ஒன்றாகிவிட்டது. ஆனால் தாளின் பொருளும் போகவில்லை, தலையின் பொருளும் போகவில்லை. இறைவன் திருவடியில் உயிரின் தலை சேர்வதை இலக்கணப் புணர்ச்சியை வைத்தே காட்டிவிட்டார். முப்பது வருடம் புணர்ச்சி விதி நடத்தியிருக்கிறேன், இந்த உவமைக்கு வரும்போதெல்லாம் கரும்பலகை முன்னால் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடுவேன். முத்தியிலும் உயிர் இருக்கிறது. அனுபவிக்க ஆள் இல்லாவிட்டால் ஆனந்தம் யாருக்கு?

ஓசூர் நிலா

சார், நீங்கள் சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. என் பாட்டி எங்கள் ஊர்க் கோயிலுக்குள் போனதே இல்லை. வாசலுக்கு அந்தப்பக்கம் ரோட்டில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவாள். “குனி, கரை, ஒன்றுமில்லாதவளாகு” என்று ஏற்கெனவே குனிந்தே கிடக்கிறவளிடம் சொல்வதற்கு என்ன அர்த்தம்? நிமிர்ந்து நிற்பதற்கே சிலருக்கு ஒரு ஆயுள் ஆகிறது. அப்படிப்பட்டவர்களில் ஒருவன் “என் தெய்வம் நான்தான்” என்றால் அதை உடனே ஆணவ மலம் என்று ஒதுக்காதீர்கள்.

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வழியில் என்ன செய்கிறார்கள்? கண்ணாடி முன்னால் நின்று கும்பிடுகிறார்கள், ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு. தலைப்பாகை கட்டக்கூடாது, தோளில் துண்டு போடக்கூடாது என்று அடக்கிவைத்த காலத்தில் வந்த வழி அது. நாராயண குருவும் 1927இல் கேரளத்துக் களவங்கோட்டில் கண்ணாடியைத்தான் பிரதிஷ்டை செய்தார். உனக்குள் இருக்கிறதைப் பார் என்று சொல்ல அவர்களுக்கு வேறு சிலை தேவைப்படவில்லை. இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

அரூர் தமிழாசிரியர்

அம்மா, நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அடிமையாக்கிக் குனிய வைப்பதும் அன்பில் குனிவதும் ஒன்றில்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறு. கண்ணாடி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வைகுண்டர் வைத்த கண்ணாடி முன்னால் அடுத்து வந்து நிற்கிறவருக்கும் அதே தெய்வம்தான் தெரிகிறது. என் முகத்துக்கு மட்டும் காட்டுகிற கண்ணாடி இல்லை அது.

கிருஷ்ணகிரி பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோட்டு அண்ணன் கேட்ட அதே கேள்வி எங்களிடம் ஆயிரம் வருடமாக இருக்கிறது. மன்சூர் அல் ஹல்லாஜ் என்ற சூஃபி ‘அனல் ஹக்’, நானே சத்தியம் என்றார். 922இல் பாக்தாதில் அவரைக் கொன்றார்கள். அதே மாதிரி எகிப்து மன்னன் ஃபிர்அவ்னும் சொன்னான், ‘நானே உங்கள் உயர்ந்த இறைவன்’ என்று, குர்ஆனில் வருகிறது. மௌலானா ரூமி ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்: ஃபிர்அவ்ன் சொன்னான், தாழ்ந்தான், மன்சூர் சொன்னார், மீண்டார்.

எங்கள் உஸ்தாத் இதற்கு விளக்கம் சொல்லும்போது, மன்சூர் ‘நான்’ என்றபோது அங்கே மன்சூர் இல்லை, ஃபிர்அவ்ன் ‘நான்’ என்றபோது அங்கே ஃபிர்அவ்னைத் தவிர வேறு யாருமே இல்லை என்பார். ஃபனா என்பது அதுதான், தான் அற்றுப்போவது. ஆனால் அதோடு முடியவில்லை, அப்புறம் பகா இருக்கிறது, அவனில் நிலைத்து மறுபடி கடைத்தெருவுக்குத் திரும்பி வந்து வியாபாரம் பார்ப்பது, பிள்ளைகளைப் பார்ப்பது. கரைந்தவன் காணாமல் போய்விடுவதில்லை தம்பி.

காவேரிப்பட்டணம் அம்மாள்

பாய் சொன்னதைப் படித்ததும் நம்மாழ்வார்தான் ஞாபகம் வந்தார். திருவாய்மொழியில் ஐந்தாம் பத்து, ஆறாம் திருமொழி, ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொல்வது போல வரும். மகள் திடீரென்று ‘கடல்ஞாலம் செய்தேனும் யானே’ என்கிறாள். உலகத்தைப் படைத்தது நான், அந்த உலகமும் நான்! பெற்ற தாய் பயந்துபோய், ‘கடல்ஞாலத்து ஈசன் வந்து ஏறக்கொலோ’ என்று ஊராரைக் கேட்கிறாள். இவள் மேல் அவன் வந்து ஏறிவிட்டானா என்று.

அந்த ‘ஏற’ என்ற சொல் நம் ஊர்க்காரர்களுக்கு உரை இல்லாமலே புரியும். எங்கள் தெரு மாரியம்மன் திருவிழாவில் ஒரு அக்காவுக்கு அருள் வரும். மற்ற நாளில் தலை நிமிர்ந்து பேசமாட்டார், பூ கட்டி விற்கிறவர். அன்றைக்கு மட்டும் தலைமுடி அவிழ்ந்து, கண் சிவந்து, “நான் மாரியாத்தா வந்திருக்கேன்டா” என்று ஊர்ப் பெரியவரையே அதட்டுவார். அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். யாரும் அந்த அக்காவைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னதில்லை. சாமி மலை ஏறியதும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, கீழே சிந்திய உதிரிப்பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுநாள் போய், நேற்று நீங்கள் தெய்வம் என்றால் கூச்சப்படுவார். ‘நானே தெய்வம்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது, ஏனென்றால் அதை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

எலத்தகிரி

நான் கத்தோலிக்கன். எங்களிடமும் இது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ‘மனிதன் தெய்வமாகும்படி தெய்வம் மனிதரானார்’ என்று 4ஆம் நூற்றாண்டில் புனித அத்தனாசியுஸ் எழுதினார். கீழைத் திருச்சபையில் இதற்கு தியோசிஸ் என்றே பெயர். நெருப்பில் கிடக்கும் இரும்பை உதாரணம் சொல்வார்கள். எங்கள் தாத்தா உலை வைத்திருந்தார், துருத்தி பிடித்து வளர்ந்தவன் நான். ஏர்க் கொழு அடிக்கக் கொண்டுவரும் இரும்புப் பட்டை முதலில் கறுப்பாக இருக்கும், அப்புறம் மங்கலாகச் சிவக்கும், பிறகு பார்க்க முடியாதபடி மஞ்சளாக ஒளிரும். அந்த நேரத்தில் இரும்பு எது நெருப்பு எது என்று பிரிக்க முடியாது. ஆனாலும் சம்மட்டி விழுவது இரும்பின் மேல்தான். உலையை விட்டு எடுத்து வெளியே வைத்தால் சூடு கொஞ்ச நேரத்துக்குத்தான். தன் சூடு தனக்கே சொந்தம் என்று இரும்பு நினைத்தால் அப்புறம் அது கறுப்புதான்.

ஆதியாகமத்தில் பாம்பு கொடுத்த வாக்கும் இதே வாக்குதான் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். நீங்கள் தேவர்களைப் போல் ஆவீர்கள் என்றுதான் அதுவும் சொன்னது. வாக்கு ஒன்று, கை நீட்டுகிற விதம் வேறு. பழைய தமிழ் விவிலியத்தில் பிலிப்பியர் நிருபத்தில் கிறிஸ்துவைப் பற்றி ‘தேவனுக்குச் சமமாயிருப்பதைக் கொள்ளையாடின பொருளாக எண்ணாமல்’ என்று வரும். கொள்ளையடிக்கிற பொருளா, கிடைக்கிற பொருளா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரி வாசகன்

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறோம், அதனால் ஒரு கல்லைத் தூக்கி மறுபக்கம் வைக்கிறேன். சமணம். அங்கே படைத்தவனும் இல்லை, போய்க் கலப்பதற்கு ஆளும் இல்லை. ஒவ்வொரு உயிரும் தன் முயற்சியாலேயே வினையை உதிர்த்து முழு அறிவும் முழு இன்பமும் பெற்று உலகின் உச்சியில் தனித்தனியாக இருக்கிறது. யார் அருளும் தேவையில்லை. தம்பி கேட்கிற ‘தனித்து நிற்கும் தெய்வநிலை’ இதைவிடச் சுத்தமாக வேறெங்கும் இல்லை. அதுவும் நம் மண்ணில் இருந்ததுதான். நுளம்பர்கள் ஆண்ட 9ஆம் நூற்றாண்டில் தகடூரில், இன்றைய தருமபுரியில், சமணப் பள்ளி இருந்திருக்கிறது.

அதனால் கலப்பது சரி, தனித்து நிற்பது தப்பு என்று கோடு போட்டால் மகாவீரரும் தப்பான பக்கம் போய்விடுவார். கோடு வேறு எங்கோ இருக்கிறது. சமண முனி தனியாகத்தான் நின்றான், ஆனால் உடுத்திய துணி உட்பட ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நின்றான். கடைசியில் நிற்பதை ‘நான்’ என்று சொல்வதற்குக்கூட அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. தம்பி படிக்கிற வழியில் எதை விட வேண்டும் என்று சொல்கிறார்கள்? இது நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நடுகல் தேடி (தருமபுரி)

வாரக் கடைசியில் நடுகல் பார்க்க ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். உங்கள் வேடியப்பனைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் ரெண்டு மாவட்டத்திலும் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல் பலவும் இப்படிப்பட்டதுதான். எழுத்து இருக்கிற கற்களில் அடிக்கடி வருவது ‘தொறு மீட்டுப் பட்டான்’. மாட்டு மந்தையை எதிரி ஓட்டிக்கொண்டு போனபோது மீட்கப் போய்ச் செத்தவன். அவன் தன்னைத் தெய்வம் என்று ஒருநாளும் நினைத்திருக்க மாட்டான். ஊரார் கல் எடுத்து நட்டார்கள், எண்ணெய் தடவினார்கள், சாமியானான். வள்ளுவர் ‘வாழ்வாங்கு வாழ்பவன் வான்உறையும் தெய்வத்துள் வைக்கப்படும்’ என்கிறார். ‘ஆவான்’ என்று போடவில்லை பாருங்கள். வைக்கப்படும். வைப்பது வேறு கை.

நம் ஊர் அதியமான் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். சாவை நீக்கும் நெல்லிக்கனி கையில் இருக்கிறது. தின்றால் தானே தேவனாக இருக்கலாம், கேட்க ஆளில்லை. அதை ஔவைக்குக் கொடுத்துவிட்டான். அதற்கு ஔவை பாடியது புறநானூற்றில் 91ஆம் பாட்டு. ‘நீலமணி மிடற்று ஒருவன் போல மன்னுக’ என்கிறாள். நஞ்சைத் தான் வாங்கிக்கொண்ட சிவனைப் போல நிலைத்திரு என்று. கனியைத் தின்றிருந்தால் இந்த வரி அவனுக்குக் கிடைத்திருக்காது.

பாலக்கோட்டு அண்ணன்

ஒவ்வொருவர் எழுதியதையும் நாலு தடவை படித்துவிட்டேன். இந்தப் பேச்சைத் தம்பிக்கு அனுப்பினேன். அவனே எழுதுகிறேன் என்றான். கீழே அவன் பதிவு.

பாலக்கோட்டுத் தம்பி

அண்ணன் போட்டுவிட்டதால் எழுதுகிறேன். முதலில் ஒன்று. அப்பாவை அவமானப்படுத்த நான் அப்படிச் சொல்லவில்லை. படித்து முடித்ததும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். மூன்று வருடம். சூப்பர்வைசர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றால்தான் லீவு கிடைக்கும், ஓவர்டைம் கிடைக்கும். நிரந்தரம் ஆக்குவார்கள் என்று அத்தனை நாளும் குனிந்தேன். ஒருநாள் காலையில் கேட்டில் வைத்தே நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இந்தத் தலை யாருக்கும் குனியாது என்று. அந்தப் புத்தகங்களில் எனக்குப் பிடித்தது செத்தோ எகிப்தோ இல்லை. “உன்னை விட்டுக்கொடுக்காதே” என்று எனக்குச் சொன்ன முதல் குரல் அது. நிலா அக்கா எழுதியதைப் படித்தபோது அழுதுவிட்டேன்.

வாசகன் அண்ணா கேட்டதற்குப் பதில்: பயத்தை விடச் சொல்கிறார்கள், ஊர் பேச்சுக்கு ஆடுவதை விடச் சொல்கிறார்கள். ‘நான்’ என்பதை விடச் சொல்வதில்லை. அது உண்மைதான்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் அப்படியே இருக்கிறது. அதியமான் கனியைக் கொடுத்தான் என்றால், ‘இது என்னுடையது, நான் கொடுக்கிறேன்’ என்று உறுதியாக ஒருவன் அங்கே நின்றிருக்க வேண்டும். நான் என்பதே இல்லாதவனால் எப்படிக் கொடுக்க முடியும்? கல்லில் இருக்கிறவரும் மந்தையின் பின்னால் ஓடியபோது நிமிர்ந்துதானே ஓடியிருப்பார்?

அரூர் தமிழாசிரியர்

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களை நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன். ஆமாம், நிமிர்ந்துதான் ஓடியிருப்பார். கொடுக்க ஒரு ‘நான்’ வேண்டும், வளைந்து கிடக்கும் ‘நானால்’ கொடுக்க முடியாது. அதனால் நிமிர்ந்தது சரி. உங்கள் புத்தகம் உங்களை அந்த இடம் வரை கொண்டுவந்திருந்தால் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். கனி கைக்கு வந்தபின் என்ன செய்வது என்பதில் மட்டும் நான் அதோடு சேரமாட்டேன். என்றைக்கும் தின்றுகொண்டே இரு என்கிறது அது.

அந்த சூப்பர்வைசர் முன்னால் குனிந்ததற்கும் வேடியப்பன் முன்னால் குனிவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லி நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம். குனியவும் வேண்டாம். அப்பாவிடம் மட்டும் அந்த மூன்று வருடக் கதையைச் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

பாலக்கோட்டுத் தம்பி

தெரியாது சார். நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அந்தக் கல்லில் எழுத்து இருக்குன்னு எங்க தாத்தா சொல்வார், யாரும் பார்த்ததில்லை” என்றார். நடுகல் தேடி அண்ணா, எப்படிப் பார்ப்பது?

நடுகல் தேடி (தருமபுரி)

கம்பி பிரஷ் போடாதீர்கள், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும், எண்ணெய்ப் பிசுக்கு ஒரே நாளில் போகாது, விட்டுவிடுங்கள். சுண்ணாம்போ மாவோ பூசி எழுத்தை எடுப்பாகக் காட்ட வேண்டாம். சூரியன் ஏறுவதற்கு முன்னால் போய், டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் கல்லை ஒட்டிப் பிடித்தால் மழுங்கின எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். வீரனின் தலைக்கு மேலேயும் பக்கத்திலும் பாருங்கள். பழைய கல்லாக இருந்தால் வட்டெழுத்தாக, அதாவது பழைய காலத் தமிழ் எழுத்து வடிவமாக இருக்கும், படிக்க வராது, படம் மட்டும் எடுத்து இங்கே போடுங்கள். கல்லின் அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தால் தோண்ட வேண்டாம்.

பாலக்கோட்டுத் தம்பி

சரி அண்ணா. இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போகிறோம், அப்பாவும் வருகிறார். டார்ச் நான் பிடிக்கிறேன்.